ஹாஜியார் வாசித்த சத்தியக் கடதாசி

கெலிஓயாவில், கம்பளை வீதியோரத்து ஹார்ட்வெயார் கடையில், ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்கார வைத்துவிட்டு, நான் கொடுத்த கடதாசியை வாசிக்கத் தொடங்கிய ஹாஜியாரின் முகம்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, தாளை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், ஒவ்வொரு வரியையும் உதடு அசைய வாசித்தார். கடைக்கு ஆட்கள் வந்தார்கள். ஒருவர் தாழ்ப்பாள் கேட்டார், இன்னொருவர் பைப்புக்குச் சுற்றும் வெள்ளை டேப் கேட்டார். அவருடைய மகன்தான் எடுத்துக் கொடுத்தான். ஹாஜியார் தலை நிமிரவே இல்லை. நானோ ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை, இரண்டும் விழுந்தால் அடுத்த பஸ்ஸில் கண்டிக்கு ஓடிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தவள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் தாளை மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தார். "டீச்சர், இதுல மூணு பேர் சத்தியம் பண்ணணும் எண்டு ஈக்குது. நீங்க ஒராள்தானே வந்தீக்கிறீங்க?" மற்ற இரண்டு பேரும் ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டார்கள் என்று காட்டினேன். "எனக்கு முன்னால வைக்கலியே" என்றார், சிரித்த முகத்தோடு. அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவரிடம் போகச் சொன்னது என் தங்கை. எங்கள் பக்கத்து ஜேபி கொழும்பில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். ஜேபி என்றால் சமாதான நீதவான். நாம் சத்தியம் செய்து கொடுக்கும் கடதாசியில் சாட்சிக்குக் கையெழுத்து வைத்து முத்திரை குத்துகிறவர். கெலிஓயாவில் குடியிருக்கும் தங்கை, "எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு ஜேபி ஹாஜியார் இருக்காரு அக்கா, ரொம்ப நல்ல மனுசன், ஒரு சதம் வாங்க மாட்டாரு" என்றாள். எல்லாம் சொன்னவள், வாசிப்பார் என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் அதுவரை பார்த்த ஜேபிமார் எல்லாரும் இடது கையால் தேநீர் குடித்துக்கொண்டே வலது கையால் முத்திரை குத்துகிறவர்கள். இவர் வேறு ரகம். பெயின்ட் வாங்க வருகிறவரிடமும், "டின்னுல போட்டீக்கிறத வாசிச்சீங்களா?" என்று கேட்கிற ஆள். பிறகு பல வருடங்கள் அவரோடு பழகியதில் தெரிந்துகொண்டேன், அந்த ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட அவரைக் கண்டால், "வாசிச்சீங்களா?" என்று அவர் குரலிலேயே கேட்டுவிட்டு ஓடும்.

எனக்கு ஏன் அந்த அவசரம் என்று சொல்ல வேண்டும். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பாலர் பாடசாலை நடத்துகிறேன். அன்று அது ஒரு பழைய லயக் காம்பரா, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் ஒரு அறை. கூரை இருந்தது, சுவர் இருந்தது, கக்கூஸ் மட்டும் இல்லை. பிள்ளைகளை வரிசையாகக் கைபிடித்து லயத்துக் கோடிக்குக் கூட்டிப்போவேன். அங்கே போய்ச் சேருமுன் ஒன்றிரண்டு உருப்படிகளுக்கு அதற்கான தேவையே முடிந்துபோயிருக்கும். பார்வையிட வந்த அதிகாரி, மலசலகூடமும் தண்ணீர்க் குழாயும் இல்லாவிட்டால் அடுத்த வருடம் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். பதிவு போனால் பாடசாலை போனது. பெற்றோர் எல்லாரும் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள். டவுன் பாலர் பாடசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கூட்டிவர எந்த வீட்டிலும் ஆள் இல்லை. ஆகவே பெற்றோர் சங்கம் ஒன்றை அமைத்து, அரசாங்க மானியத்துக்கு விண்ணப்பித்து, அலைந்து திரிந்து, அது கிடைக்கும் கட்டத்துக்கும் வந்துவிட்டோம். எஞ்சியிருந்தது இந்த ஒரு சத்தியக் கடதாசிதான். மானியம் பெறும் சங்கமாகிய நாங்கள் நாட்டின் சட்டங்களுக்கு அமைய நடக்கிறோம், சிறுவரை வேலைக்கு வைக்கவில்லை, இன மத பேதம் காட்டவில்லை, வேலைத்தளத்தில் மதுபானம் இல்லை, சங்க உத்தியோகத்தர்களின் உறவினருக்கு ஒப்பந்தம் கொடுக்கவில்லை என்று தலைவர், செயலாளராகிய நான், பொருளாளர் மூவரும் ஒரு ஜேபி முன்னிலையில் சத்தியம் செய்ய வேண்டும். திங்கட்கிழமைக்குள் கண்டி அலுவலகத்தில் அது இருக்க வேண்டும். நான் ஹாஜியாரின் கடையில் வாளி மேல் உட்கார்ந்திருந்தது வெள்ளிக்கிழமை.

அந்தக் கடதாசியின் தமிழையும் சொல்லியாக வேண்டும். "மேற்போந்த பெறுநரானவர் இதன்கீழ் ஏற்பாடு செய்யப்பட்டவாறன்றி" என்று ஒரு வாக்கியம் தொடங்கும். அடுத்த பக்கத்தில்தான் முடியும், அதற்குள் பெறுநரானவர் யார் என்பதே மறந்துபோகும். நான் அதை வாசித்திருக்கவில்லை. யாரும் வாசிப்பதில்லை. அது வாசிப்பதற்கு உரிய சாமான் என்ற எண்ணமே எங்களுக்கு இல்லை. கையெழுத்துக்கு மேலே கொஞ்சம் எழுத்து இருந்தாக வேண்டும், அதற்காகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தோம்.

மூன்று பேரையும் கெலிஓயாவுக்குக் கூட்டி வர வசதியில்லை, வேலை நாளில் யாரும் வரவும் முடியாது என்று அழாக்குறையாகச் சொன்னேன். ஹாஜியார் யோசித்தார். "அப்ப நான் வாரேன். ஞாயித்துக்கிழம கட பூட்டுத்தானே" என்றார். மகன் திரும்பிப் பார்த்தான். "வாப்பா, அது ஹேவாஹெட்ட. போய் வரவே பொழுது போயிரும்." ஹாஜியார் காதில் விழாத மாதிரி, அங்கே குளிருமா என்று என்னிடம் கேட்டார்.

சொன்னபடியே வந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, அதற்கு மேல் ஒரு மஃப்ளர், கையில் பிள்ளைகளுக்கென்று ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு. பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் பாடசாலைக்கு ஏறி வருமுன் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார், மூன்று இடத்திலும் தேயிலையைப் பற்றி ஏதாவது கேட்டு, மூச்சு வாங்குவதை மறைத்தார். தோட்டத்து வேதக் கோயிலில் ஞாயிறு ஜெபம் முடிந்த நேரம். லயத்தில் பாதிப் பேர், கெலிஓயாவில் இருந்து ஒரு ஜேபி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பாடசாலை முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். அவருக்கு ஒத்துவரும் சாப்பாடாக இருக்க வேண்டும் என்று பொருளாளர் அக்கா தேங்காய் ரொட்டியும் சம்பலும் மட்டும் செய்து, வாழையிலையில் மூடி வைத்திருந்தார். பொருளாளர் அக்கா கொழுந்து பறிக்கிறவர். சங்கத்துக் காசையும் சங்கத்து மானத்தையும் ஒரே சுருக்குப்பையில் வைத்திருப்பவர். தலைவர் தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்த ஓய்வுபெற்ற மனிதர். அன்று கோட் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

ஹாஜியார் கதிரையில் உட்கார்ந்து, எங்கள் மூவரையும் எதிரே உட்கார வைத்து, ஒவ்வொரு பந்தியாக வாசித்து, அதைச் சாதாரணத் தமிழில் சொல்லி, "இது மெய்யா?" என்று கேட்டார். சிறுவரை வேலைக்கு வைக்கவில்லை என்ற இடத்தில் நாங்கள் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே, எங்கள் பாலர் கூட்டம் ஒன்று சாப்பாட்டுப் பெட்டி மூடிகளில் மணல் ஏந்திக்கொண்டு, அத்திவாரத்துக்கு நூல் கட்டியிருந்த இடத்தை நோக்கி மிகப் பொறுப்பாக நடந்து போனது. ஹாஜியார் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இவங்களுக்குச் சம்பளம் எவ்வளவு டீச்சர்?" முற்றமே சிரித்தது. நான் ஓடிப்போய் மணலைக் கொட்ட வைத்தேன். முன்னால் போனவன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழுதான், மஸ்கட் கொடுத்துத்தான் சமாதானப்படுத்த முடிந்தது. மதுபானம் பற்றிய பந்தி வந்தபோது எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் கூரையைப் பார்த்தார். "வேலத்தளத்துலதானுங்களே? வேலத்தளத்துல இல்லீங்க" என்று மெதுவாகச் சொன்னார். ஹாஜியார் அதை ஏற்றுக்கொண்டார்.

பிறகு அந்தப் பந்தி வந்தது. "கட்டுற மேசன் உங்க மூணு பேர்ல யாருக்காவது சொந்தமா?" நான் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் பொருளாளர் அக்கா, "சொந்தந்தாங்க" என்றார். தலைவர், "எனக்கு மச்சான் முறைங்க" என்றார். ஹாஜியார் பேனாவை மூடிவிட்டார்.

எங்கள் மேசன் மாமா அப்போது மணல் குவியல் ஓரம் குந்தியிருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் அவருக்கே தெரியாது. கையில் பிடிக்கும் வயதில் வேறெங்கோ தோட்டத்தில் இருந்து தாயோடு வந்தவர். வந்த கொஞ்ச நாளில் தாய் காய்ச்சலில் போய்விட்டார். தேடி வர யாரும் இல்லை. லயத்து வீடுகள் முறை வைத்துச் சோறு போட்டு வளர்த்தன. பெரியவரானதும் சுவர் கட்டக் கற்றுக்கொண்டார், கல்யாணம் கட்டவில்லை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் சாப்பாடு. எங்கள் வீடுகளில் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைப்போம். தாய்மாமன் கொழும்பில் வேலை, வர முடியவில்லை, கோபித்துக்கொண்டார் என்று எந்த வீட்டில் நாற்காலி காலியானாலும், அதில் இவரை உட்கார வைத்துவிடுவார்கள். அப்படி அவர் மடியில் அலறாத பிள்ளை எங்கள் தோட்டத்தில் குறைவு. என் மகளும் அவர் மடியில்தான் காது குத்திக்கொண்டாள், அவர் கையைக் கடித்தும் வைத்தாள்.

நான் ஹாஜியாருக்கு இதையெல்லாம் அவசர அவசரமாக விளக்கினேன். ரத்த உறவு கிடையாது, வாய்ப்பேச்சுக்கு முறை வைத்துக் கூப்பிடுவதுதான், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். "அப்ப லேசுதானே. இவர் எனக்குச் சொந்தம் இல்ல எண்டு ஒவ்வொராளா வாயால சொல்லுங்க, நான் எழுதிக்கொள்றேன்" என்றார் அவர். தலைவர் கோட் பொத்தானைத் திருகினார். பொருளாளர் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "அவர முன்னுக்கு வச்சிக்கிட்டு அப்படிச் சொல்ல மாட்டேங்க. எம்புள்ளைய மடியில வச்சிக் காது குத்துனவரு. இவரு யாரோன்னா, அப்ப அது என்ன காதுகுத்து?" நாளைக்குத் திங்கள். ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளைகளுக்குப் பாடசாலை இருக்கும், சொல்லாவிட்டால் இல்லை. அதை உரக்கச் சொல்லிச் சண்டை பிடித்தேன். அக்கா அசையவில்லை. "டீச்சர், கக்கூஸ் இல்லாட்டி இன்னொரு வழி பாக்கலாம். இத நான் சொன்னேன்னா அவரு மொகத்துல எப்படி முழிக்கிறது?" என்றார்.

அப்போது மேசன் மாமா எழுந்து வந்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "எழுதிருங்க டீச்சர். இவருக்கு யாரும் இல்லன்னு எழுதிருங்க. பொய் இல்லதானே? புள்ளைங்க பாவம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கையெழுத்து வைக்க எடுத்திருந்த என் பேனாவைக் கீழே போட்டுவிட்டேன். முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் அவரைத் திட்டத் தொடங்கினார்கள். வாயைக் கழுவு என்றார்கள், இனி எங்கள் வீட்டில் உனக்குச் சோறு கிடையாது என்றார்கள். அவரும் திட்டு வாங்கிக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

அந்தச் சத்தம் அடங்கியதும் ஹாஜியார் தாளை எடுத்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, முகத்துக்குக் கிட்டப் பிடித்து, கடைசிப் பக்கத்து அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த சிறிய எழுத்தை வாசிக்கத் தொடங்கினார். அதை வெள்ளிக்கிழமையும் வாசித்திருக்கிறார், ஆனால் சொந்தம் என்ற பேச்சு அன்று வராததால் மனதில் நிற்கவில்லை. உறவு ஏதும் இருந்தால் அதை மறைக்காமல், இன்னாருக்கு இன்ன முறை என்று தனித் தாளில் எழுதி இணைக்க வேண்டும், அனுமதிப்பதா இல்லையா என்று அலுவலகம் தீர்மானிக்கும் என்று இருந்தது. "வாசிச்சீங்களா டீச்சர்?" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். "அரசாங்கம் சொந்தம் வேணாம் எண்டு சொல்லல்ல. ஒளிக்க வேணாம் எண்டுதான் சொல்லுது. வேற தாள் கொண்டாங்க."

மூன்று பேருடைய முறையை எழுதினால் போதும் என்றுதான் அவர் நினைத்தார். பொருளாளர் அக்கா விடவில்லை. நாங்கள் மூவர் மட்டும் சொந்தம் கொண்டாடினால் மற்ற வீட்டுக்காரர்கள் நாளைக்கு எங்களோடு சண்டைக்கு வருவார்கள் என்றார். முற்றத்தில் இருந்தவர்களும் அது சரிதான் என்றார்கள். அதற்குள் ஒருவர் ஓடிப்போய்க் கோயிலில் இருந்து வேதாகமத்தையும் எடுத்து வந்துவிட்டார். அன்று மத்தியானம் முழுக்க நான் எழுதினேன். ஒவ்வொருவராக வந்து வேதாகமத்தில் கை வைத்து, எனக்குச் சித்தப்பா, எனக்குத் தம்பி, எனக்கு மாமா, எனக்கு மூத்த மகன் மாதிரி என்று சொன்னார்கள். "மாதிரி எல்லாம் எழுத ஏலாது, மகனா இல்லையா?" என்று ஹாஜியார் அந்த அம்மாவைக் கேட்டார். "மகன்தாங்க" என்றார் அம்மா. எல்லாருக்கும் பொறுமையாகக் கையெழுத்துக் காட்டிக்கொடுத்து, ஒவ்வொரு தாளிலும் முத்திரை குத்தினார். மேசன் மாமா தள்ளி நின்று, யார் யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரொட்டி ஆறிப்போனது, ஹாஜியார் ஆறிய ரொட்டியையே புகழ்ந்து சாப்பிட்டார். சத்தியம் செய்ய வந்தவர்கள் திரும்பிப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததில், அது ஒரு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

திங்கட்கிழமை கண்டியில், அலுவலகத்து மிஸ் அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். உள்ளே கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. பெரியவர் வெளியே வந்து, "டீச்சர், இந்தத் தோட்டத்துல இவருக்குச் சொந்தம் இல்லாத ஆள் ஒருத்தராவது இருக்கிறாரா?" என்று கேட்டார். தோட்டத்துத் துரை மட்டும்தான் என்றேன். அலுவலகத்துத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் விலையைப் பார்க்கட்டும், சரியாக இருந்தால் கட்டட்டும் என்று சொல்லிவிட்டார். விலை சரியாகவே இருந்தது. எங்கள் பிள்ளைகளின் உயரத்துக்குத் தக்க குட்டிக் கக்கூஸ்கள் எழும்பின. சீமெந்தை ஹாஜியாரிடமே வாங்கலாம் என்று நன்றியோடு போனோம். "நான் சாட்சி வச்ச ஆள். இந்த வேலைக்கு என்ட கடையில ஒரு ஆணிகூடத் தர ஏலாது" என்று, எதிர்ப்பக்கம் இருந்த போட்டிக் கடைக்கு எங்களைத் தானே கூட்டிப்போய் விட்டார். அவர் மகனின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவும் இல்லை.

இப்போது வேறு சங்கங்களுக்கும் இந்த மாதிரிக் கடதாசிகளை நான் நிரப்பிக் கொடுக்கிறேன். சிலவற்றைக் கணினியிலேயே அனுப்பலாம். ஒவ்வொரு பந்திக்கும் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும், சரி போட்டுக்கொண்டே போகலாம். நானோ அவர்களை உட்கார வைத்து வாசித்துக் காட்டுகிறேன். என் முதுகுக்குப் பின்னால் எனக்கும் ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. ஹாஜியார் கடையை மகனிடம் விட்டுவிட்டார், முத்திரையை மட்டும் விடவில்லை.

போன மாதம் மேசன் மாமாவுக்கு ஹேர்னியாவுக்காகச் சின்ன ஒப்பரேஷன். யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கண்டிக்குப் போய் ஆஸ்பத்திரி வாட்டில் படுத்துவிட்டார். ஒப்பரேஷனுக்கு முன் சொந்தக்காரர் ஒருவரின் பெயர் வேண்டும் என்று தாதி கேட்டிருக்கிறார். மாமா தலையணைக்கு அடியில் இருந்து ஒரு கடதாசிக் கட்டை எடுத்து நீட்டியிருக்கிறார். எங்கள் சத்தியக் கடதாசிதான். எப்போது பிரதி எடுத்தார் என்று எனக்குத் தெரியாது, ஒவ்வொரு தாளுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். "இதுல யாரு வேணும்னு பாத்துச் சொல்லுங்க மிஸ், கூப்பிட்டுறலாம்" என்றாராம். தாதி என்னைத்தான் தெரிவுசெய்தார், என் கையெழுத்துத்தான் வாசிக்கக்கூடியதாக இருந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை லயமே ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. கெலிஓயாவில் இருந்து ஹாஜியாரும் வந்திருந்தார், மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு. சொந்தக்காரர் மட்டும்தான், இரண்டு இரண்டு பேராகத்தான் என்று காவலாளி கறாராக நின்றார். அக்காவும் தலைவரும் போய் வந்தார்கள். அடுத்தது நானும் ஹாஜியாரும். காவலாளி அவருடைய தொப்பியையும் தாடியையும் பார்த்தார், உள்ளே போய் வந்தவர்களையும் பார்த்தார். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று சிங்களத்தில் கேட்டார். ஹாஜியாரைத் தெரியும் எனக்கு. உறவு இல்லை, ஜேபி என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போகிற மனுசன் அவர். ஹாஜியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "மகே மல்லி" என்றார். என்னுடைய தம்பி என்று. காவலாளி வழிவிட்டார்.

படியேறும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஹாஜியார், இதுக்குச் சத்தியம் பண்ணுவீங்களா?" என்று கேட்டேன். மூச்சு வாங்க ஒரு படியில் நின்றார். "எழுதிக் கொண்டாங்க டீச்சர், வைக்கிறேன்" என்றார். "ஆனா சாட்சிக்கு வேற ஜேபி ஒராளப் பாருங்க. என்ட கையெழுத்துக்கு நானே முத்திர குத்த ஏலாது."